வழியில் விழுந்தவள்

மகாபாரதத்தின் பதினேழாம் பருவத்தில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் நாடு துறந்து வடக்கு நோக்கி நடக்கிறார்கள். கூடவே ஒரு நாய். முதலில் விழுகிறவள் திரௌபதி. ஏன் என்று வீமன் கேட்க, அருச்சுனன்மேல் அவளுக்குப் பாசம் அதிகம் என்று குற்றம் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்கிறான் தருமன். ஆனால் நாயை விட்டுவிட்டுத் தேரேறச் சொன்ன இந்திரனிடம் மறுக்கிறான். மனைவியையும் தம்பியரையும் விட்டவன் இதை ஏன் விடக்கூடாது என்கிறான் இந்திரன். இறந்தவர்களை எழுப்ப முடியாது, உயிரோடிருந்தவரை அவர்களைக் கைவிடவில்லை என்பது தருமனின் பதில்.

நாய்க்காக அவன் சொர்க்கத்தை மறுத்தது சரிதான். அந்தப் பதில்தான் உறுத்துகிறது. இறந்தவரிடம் நமக்குக் கடன் எதுவும் மிச்சமில்லையா?

தொப்பம்பட்டிப் பக்கம், அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கும் வழியில்தான் வாழ்க்கை. இரவெல்லாம் கிடையைக் காக்கும் நாய் செத்தால் புதைக்கச் சொந்த மண் கிடையாது. கிடை மாற்றும் நாளும் தள்ளிப்போகாது. ஆனாலும் அடுத்தவர் காட்டோரம் ஒரு குழி தோண்டும் நேரமாவது நின்றாக வேண்டும். அப்போது அந்த நாயின் குற்றங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

கதை முடிவில் நாய் அறக்கடவுளாக, தருமனின் தந்தையாக எழுந்து நிற்கிறது. திரௌபதி விழுந்த இடத்திலேயே கிடக்கிறாள். அவளுக்காகவும் நின்றிருந்தால் அந்த நடை ஒரு பொழுது தாமதமாகியிருக்கும். அவ்வளவுதான்.