கல்லின் சொல்லும் நம் சொல்லும்

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் நோக்கிச் செல்லும் நிலப்பகுதி நடுகற்கள் மலிந்தது. அக்கற்களை வேடியப்பன் எனப் பெயரிட்டுப் பொங்கலிட்டு வணங்கிவரும் நம் மக்களுக்கு அவற்றின்மேல் உள்ள வட்டெழுத்து நெடுங்காலம் வெறுங்கோடுகளாகவே இருந்தது. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டபின் அக்கோடுகள் பேசலாயின. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், எருமைகளின் பொருட்டு உயிர்நீத்த கருந்தேவகத்தியைக் குறிப்பதோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் மறவாமல் குறிக்கிறது. அரசர் பெயரைக் கல்லில் காண்பதில் வியப்பில்லை. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்திருப்பதே வியப்பு.

இத்தகைய வாசிப்பில் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. மாண்டவர் எழுந்து வந்து 'நான் சொன்னது அதுவன்று' என மறுக்கமாட்டார். அவர் விட்டுச்சென்ற எழுத்தில் நம் விருப்பத்தைப் படித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

1837-இல் பிராமி எழுத்தைப் படித்த ஜேம்ஸ் பிரின்செப்பின் முறை இங்கே நினைக்கத்தக்கது. சாஞ்சித் தூபியின் கற்களில் இருந்த சிறுசிறு பொறிப்புகள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் கண்டார். வழிபாட்டிடத்தில் பலரும் தனித்தனியே பொறித்துவைப்பது எதுவாக இருக்கும்? கொடையாக இருக்கலாம். 'தானம்' என்று படித்தார், பூட்டுத் திறந்தது. அரசரின் நீண்ட ஆணைகளுக்கு முன்னே எளியோரின் காணிக்கைச் சொல் வழிகாட்டிற்று என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

பூட்டுத் திறந்தபின்னும் தமிழகக் குகைக் கல்வெட்டுகள் விளங்கவில்லை. எழுத்துத் தெரிந்திருந்தும், மொழி பிராகிருதமாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அறிஞர்களின் கண்ணை மறைத்தது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் அவை தமிழே என்று காட்டினார். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் அங்கே இருந்தன. வடமொழியின் வர்க்க எழுத்துகளோ அரிதாயிருந்தன. பின்னர் ஐராவதம் மகாதேவன், தொடக்ககாலத் தமிழ் எழுதுமுறையில் குறியில்லாத எழுத்து மெய்யாகவும், கோடிட்ட எழுத்து அகர ஆகார இரண்டுக்கும் பொதுவாகவும் நின்றதை விளக்கினார். 'மகன்' எனப் பொறித்ததை அசோகர் காலத்து முறையில் படித்தால் 'மாகான' என்றாகும்! பேசுவோரின் மொழியிலேயே அவருக்குச் செவிகொடுக்காதவரைக்கும் கண்ணெதிரே உள்ள தமிழும் பிதற்றலாகத் தோன்றிற்று.

எகிப்தியச் சித்திர எழுத்தை 1822-இல் படித்த சாம்போலியோனுக்கோ, அங்குள்ள திருச்சபை தன் வழிபாட்டில் காத்துவந்த கோப்து மொழி துணைசெய்தது. கிரேக்க வாசகத்தையும் உடன்கொண்ட ரொசெட்டாக் கல்லும் அவருக்கு இருந்தது. சிந்துவெளி முத்திரைகளுக்கு அத்தகைய இருமொழிக் கல் கிடைக்கவில்லை. வாசகங்களும் மிகக் குறுகியவை. சராசரியாக ஐந்து குறிகளே. இயேசு சபைத் துறவி ஹென்றி ஈராஸ் 1953-இல் வெளியிட்ட பெருநூலில், அக்குறிகளுக்குத் திராவிடச் சொற்களைப் பொருத்தி முழு வாக்கியங்களாகவே படித்துக்காட்டினார். அவ்வாக்கியங்களை அறிஞர் ஏற்கவில்லை. எனினும், மீன் உருவம் 'மீன்' என்ற ஒலியால் விண்மீனையும் சுட்டலாம் என்ற அவரது கருத்தைப் பின்னாளில் அஸ்கோ பர்ப்போலா வளர்த்தெடுத்தார். ஈராசின் உள்ளுணர்வு கூர்மையானது. அவருடைய அவசரமோ ஏற்கத்தக்கதன்று என்பதே நம் கருத்து.

அந்த அவசரம் நமக்கும் உண்டு. சிந்துவெளி நம்முடையதாக இருக்கவேண்டும் என்று தமிழராகிய நாம் விரும்புகிறோம். வேறு சிலர் அது தம்முடையது என்கின்றனர். நம் விருப்பம் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆயினும் விருப்பம் சான்றாகாது. மறைநூலுக்கு விளக்கம் சொல்லக் குருமடத்தில் பயின்ற நாள்களில், வாசகத்திலிருந்து பொருளை எடுப்பது வேறு, வாசகத்துக்குள் பொருளைப் புகுத்துவது வேறு என்று ஆசிரியர்கள் சலிக்காமல் இடித்துரைப்பர். மேடையில் நின்று பேசும்போது அவ்வேறுபாடு எத்துணை எளிதாக நழுவுகிறது!

இப்புதிரை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசளிப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது. பரிசு ஆய்வை ஊக்குவிக்கட்டும். 417 குறிகளை வகைப்படுத்தி 1977-இல் பெருந்தொகுப்பு வெளியிட்ட மகாதேவன், அதன்பின்னும் நாற்பதாண்டுகள் உழைத்து, சில குறிகளுக்குப் பொருள் முன்மொழிந்தார். முழுமையாகப் படித்துவிட்டேன் என்று உரிமைகொண்டாடாமலே 2018-இல் மறைந்தார்.