முருங்கையும் உதயனாசாரியரும்

மோரிங்கேசி எனப்படும் முருங்கைக் குடும்பத்தில் மோரிங்கா என்ற ஒரே பேரினம்தான் உண்டு. அதில் 13 சிற்றினங்கள். கொல்லையில் நிற்கும் முருங்கையும் காட்டு முருங்கையும் இந்தியாவுக்கு உரியவை. மடகாஸ்கரில் இரண்டு, நமீபியா, அங்கோலா பக்கம் ஒன்று, செங்கடலை ஒட்டிய நிலங்களில் ஒன்று. மீதி எல்லாம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கொம்பில். பீப்பாய் போலப் பருத்த அடிமரம் கொண்டவையும் உண்டு, மண்ணுக்குள் கிழங்கு வைத்து முளைக்கும் சிறுசெடிகளும் உண்டு.

குடும்பத்திலும் அதே 13, பேரினத்திலும் அதே 13. அப்படியானால் 'குடும்பம்' என்பது இயற்கையில் இருக்கிறதா, ஆய்வாளர்கள் வசதிக்காகப் போட்ட கோடா? வகைப்பாட்டியலின் பழைய தத்துவச் சிக்கல் முருங்கையிடம் ஒளிய இடமில்லாமல் நிற்கிறது.

முருங்கையை வகைப்படுத்திய வரலாறும் தடுமாற்றமானதே. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் நீண்ட காயையும் கூட்டிலையையும் கண்டு, அவரை வகையைச் சேர்ந்த கிலாண்டினா பேரினத்தில் முருங்கையை வைத்தார். லமார்க் 1785இல் மோரிங்கா ஒலிஃபெரா என்ற இன்றைய பெயரைக் கொடுத்தார். பின்வந்த தாவரவியலாளர்கள் பெந்தாமும் ஹூக்கரும் எந்தத் துறையிலும் (குடும்பங்களைத் தொகுக்கும் மேல்பிரிவு) பொருந்தாதவை என்று ஒதுக்கிய ஓரிரு குடும்பங்களில் முருங்கையும் ஒன்று. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் தனியே வைத்ததே அவர்கள் செய்த நல்ல காரியம்.

முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் லின்னேயஸ் எங்கே வழுக்கினார் என்பது புரியும். அவரைக்காய் ஒரே சூலக இலையில் உருவாவது. முற்றினால் இரண்டாகப் பிளக்கும். முருங்கைக்காயின் வெட்டுமுகம் மூன்று பக்கமாகப் பிரிந்திருக்கும். நெற்று மூன்றாக வெடிக்கும். விதைக்கும் மூன்று சிறகு. பூவில் மகரந்தம் தரும் தாள்கள் ஐந்து, இடையிடையே மலட்டுத் தாள்கள் ஐந்து.

உண்மையான உறவைக் காட்டிக் கொடுத்தது வேரின் காரம். நசுக்கினால் கடுகு நெடி வரும். குளுக்கோசினோலேட் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருந்து, திசு சிதையும்போது கலப்பதால் வருவது அது. கடுகிலும் பப்பாளி விதையிலும் இதே ஏற்பாடுதான். இந்த வேதியியலை நம்பி, சிதறிக் கிடந்த குடும்பங்களை ஒரே துறையில் சேர்க்கலாம் என்று தாவரவியலாளர் டால்கிரென் 1975இல் சொன்னபோது பலருக்கு அது துணிச்சலாகப் பட்டது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம் நின்றன. இன்று முருங்கை கடுகுத் துறையில் இருக்கிறது. அதற்கு மிக நெருங்கிய உறவு பப்பாளிக் குடும்பம். டால்கிரெனின் கணக்குக்கு வெளியே நின்றது புத்ரஞ்சீவி மரம். அதிலும் குளுக்கோசினோலேட் உண்டு, ஆனால் மரபுவழியில் அது ஆமணக்கு இருக்கும் மல்பிகியேல்ஸ் துறையைச் சேர்ந்தது. ஒரே வேதியியல் இரண்டு இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

இந்த இடத்தில் மிதிலையின் நியாய தத்துவ அறிஞர் உதயனாசாரியர் உதவுகிறார். பல பொருள்களில் ஒன்றாக உறையும், அழிவற்ற பொதுமையை நியாய, வைசேடிக நூல்கள் 'ஜாதி' என்கின்றன. (சமூகச் சாதிக்கும் இந்த விவாதத்துக்கும் தொடர்பில்லை.) எல்லாப் பொதுச் சொல்லுக்கும் பின்னால் ஜாதி இருப்பதாகக் கொள்ள முடியாது என்று, ஆறு தடைகளை அவர் 'கிரணாவளி'யில் வகுத்தார். அவற்றில் இரண்டு முருங்கையை நேராகத் தொடுகின்றன.

ஒன்று, கலப்பு. இரண்டு தன்மைகள் ஓரிடத்தில் சேர்ந்தும், வேறிடங்களில் ஒன்றில்லாமல் மற்றது தனித்தும் இருந்தால் இரண்டும் ஒருசேர ஜாதியாக முடியாது. முருங்கையில் குளுக்கோசினோலேட் மட்டும், ஆமணக்கில் மல்பிகியேல்ஸ் உறவு மட்டும், புத்ரஞ்சீவியில் இரண்டும். எனவே இரண்டில் ஒன்றையாவது கைவிட வேண்டும். தாவரவியல் வேதியியலைக் கைவிட்டு மரபுவழியை வைத்துக்கொண்டது.

மற்றது, சமநிலை. குடத்தன்மையும் கலசத்தன்மையும் அதே பொருள்களில்தான் உள்ளன. ஆகவே அவை இரண்டு ஜாதிகள் அல்ல, ஒன்றுக்கு இரண்டு பெயர். மோரிங்கேசி, மோரிங்கா இரண்டின் நிலையும் இதுவே. நாளை நெருங்கிய வேறொரு பேரினம் புதைபடிவத்தில் கிடைத்தால் இரண்டும் பிரியும் என்று வாதிடலாம். ஆனால் அழிவற்ற பொதுமை ஒரு கண்டெடுப்பால் பிறக்காது.

அதனால் எல்லாம் வெறும் பெயர் என்றாகிவிடுமா? அதுவும் அவசர முடிவு. வகைப்பாடு வம்சாவளியைப் பின்பற்ற வேண்டும் என்று டார்வின் 1859இல் எழுதினார். உயிரினங்களின் இனம் ஒரு வகுப்பே அல்ல, காலத்தில் தோன்றி மறையும் ஒற்றைப் பொருள் என்று உயிரியலாளர் கிசெலின் 1974இல் வாதிட்டார். அதை முருங்கைக் கிளைக்கும் நீட்டலாம். ஒரு முன்னோரிடமிருந்து இந்த 13ம் கிளைத்தது நடந்த வரலாறு. யார் பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது மாறாது. ஆனால் அது தொடக்கம் உள்ள ஒரு தனிப்பொருள். நியாயம் கேட்கும் அழிவற்ற ஜாதி அல்ல.

கிளை உண்மை, அதற்குக் கொடுத்த தகுதிநிலை மரபு. பப்பாளியையும் முருங்கையையும் ஒரே குடும்பமாக அறிவித்தாலும் எந்த உறவும் பிழையாகாது. பழைய வழக்கத்தைக் கலைக்க வேண்டாம் என்பதால்தான் அவை இன்றும் தனித்தனிக் குடும்பங்களாக இருக்கின்றன.