பரங்கிக்காய் பிஸ்கட்டும் ஒரு துரோகமும்

பிரவுனியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். வலை வேறொருவர் கையில் இருந்தது. என் கையில் ராகி பிஸ்கட் இருந்தது.

மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் தெரு. அங்கே இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் பெண் நாய் பிரவுனி. எல்லாரையும் போல நானும் முதலில் கடை பிஸ்கட்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மைதாவும் சர்க்கரையும் தவிர அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் தோன்றவே, வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். ராகி மாவு, கோதுமை மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து, தேய்த்து, பாட்டில் மூடியால் வெட்டி, ஓவனில் 160 டிகிரியில் முக்கால் மணி நேரம். உப்பு, சர்க்கரை கிடையாது. எங்கள் வீட்டில் முட்டைக்கும் இடமில்லை.

"ஏண்டி, நமக்கு ஒரு கேக் பண்ணிப் போட்டதில்ல, நாய்க்கு பிஸ்கட்டா?" என்றாள் அம்மா. தேய்பிறை அஷ்டமி தவறாமல் பைரவரைக் கும்பிடுகிறவள். அவர் வாகனம் வாசலில் வந்து நின்றால் மட்டும் 'ச்சூ' என்று விரட்டுவாள்.

செய்யச் செய்யத்தான் ஒன்று புரிந்தது. எனக்குப் பிடித்ததைக் கொடுப்பது சுலபம். உலர்திராட்சை போட்டால் நன்றாயிருக்குமே என்றுதான் முதலில் நினைத்தேன். அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட் ஆகாது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சில பொருட்களில் சேர்க்கிற சைலிட்டால் உயிரையே எடுக்கும். ஒரு ஜீவனிடம் அன்பு இருக்கிறது என்று சொல்வதில் பாதி வேலை, அதன் உடம்பு என் உடம்பு இல்லை என்று தெரிந்துகொள்வதுதான்.

அந்த உடம்புக்கும் ஒரு கதை இருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் பக்கத்தில் வாழ்ந்து, நம் தானியத்தைத் தின்றே தலைமுறை தலைமுறையாக அதன் வயிறு மாறியிருக்கிறது. நம்மை நம்பியதன் தழும்பு மாதிரி அது.

அந்த நம்பிக்கையைத்தான் நான் செலவு செய்தேன்.

போன நவம்பர் மழையில் பிரவுனி ஆறு குட்டிகள் போட்டது. இரண்டு காரில் அடிபட்டுச் செத்தன. இரண்டு தேங்கிய தண்ணீரில். மீதி இரண்டை யாரோ எடுத்துப் போனார்கள். இன்னொரு ஈற்றைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கருத்தடைக்கும் வெறிநாய்த் தடுப்பூசிக்கும் நானே போன் பண்ணிச் சொன்னேன். வண்டி இரண்டு முறை வந்து சும்மா திரும்பியது.

"நீ கூப்டாதான் வரும்மா அது. அவங்களப் பாத்தா கார் அடியில பூந்துக்கும்" என்றார் இஸ்திரி அண்ணன்.

மூன்றாம் முறை கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையிலிருந்து பிஸ்கட்டை வாயில் எடுத்த நேரத்தில் வலை விழுந்தது. அது கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த ஊர் இது. 1964இல் இங்கேதான் புளூ கிராஸ் அமைப்பு கருத்தடையை மாற்று வழியாகத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. பாட்டி காலத்து நாய்வண்டியில் ஏறியது திரும்பி வராது. இன்றைய வண்டி திரும்பக் கொண்டுவந்து விடும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விதி.

இருந்தும் மனசு ஆறவில்லை. குழந்தைக்கு வாழைப்பழத்தில் மாத்திரையை ஒளித்துக் கொடுப்பதில்லையா என்று தோழி கேட்டாள். கொடுக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்ததும் ஏன் ஏமாற்றினோம் என்று சொல்லிவிடலாம். சிரித்துக்கொள்ளலாம். பிரவுனியிடம் நான் எந்த மொழியில் சொல்ல? அதற்குத் தெரிந்ததெல்லாம் பிஸ்கட், வலை, வலி. இந்த மூன்றையும் சேர்த்து அது என்ன முடிவுக்கு வருமோ, அதைத் திருத்த எனக்கு வழியே இல்லை.

மகாபாரதக் கடைசியில் தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்கிறான். அடைக்கலம் வந்ததைக் கைவிடக் கூடாது. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த நாயின் அடுத்த ஈற்றைப் பற்றி அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கைவிடாமல் இருப்பதற்காகவே பிடித்துக் கொடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஆறாம் நாள் பிரவுனி வந்தது. வலது காதின் நுனியில் கருத்தடைக்கு அடையாளமாக ஒரு வெட்டு. இஸ்திரி அண்ணனிடம் பழையபடி ஒட்டிக்கொண்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து தெருக்கோடிக்குப் போய் நின்றது. முதலில் கோபம் வந்தது. உனக்காகத்தானே செய்தேன் என்று. அப்புறம்தான் உறைத்தது: நன்றி கிடைக்கும் என்று எண்ணித்தான் இத்தனை நாளும் மாவு பிசைந்திருக்கிறேன். அது என்னைச் சந்தேகப்படுவது சரி. அதன் அனுபவத்தில் அதுதான் அறிவு.

நல்லதைச் செய்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். செய்தது சரியாக இருந்தும் கடன் மிச்சமிருக்கலாம் போல. பின் தெருவில் இன்னொரு பெண் நாய் இருக்கிறது. வண்டிக்காரர்கள் கேட்டால் அதையும் கூப்பிட்டுக் கொடுப்பேன். ஆனால் அது வாலாட்டி வருவதை என் நல்ல மனசுக்குச் சான்றிதழாக இனி எடுத்துக்கொள்ள முடியாது.

சனிக்கிழமைகளில் இப்போதும் பரங்கிக்காய் வேகிறது. இரண்டு பிஸ்கட்டை இஸ்திரி வண்டிப் பக்கம் வைத்துவிட்டு, நிற்காமல் வந்துவிடுகிறேன். நேற்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒன்றைக் காக்கா கொத்திக்கொண்டு போனது. இன்னொன்றை பிரவுனி ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.