வரப்பு சுருங்காது

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்களுக்காக அமெரிக்கக் கம்பெனிகள் துணியை முன்கூட்டியே பட்டை பட்டையாக வெட்டி, சுருட்டி விற்கின்றன. ஜெல்லி ரோல் என்று பேர். பட்டையின் அகலம் 2.5 அங்குலம், நீளம் சுமார் 44 அங்குலம், ஒரு சுருளில் பெரும்பாலும் 40 பட்டை. வெட்டுகிற வேலை மிச்சம். ஆனால் போர்வையின் அளவை மாற்றப்போனால்தான் இதன் குணம் தெரியும்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினால் எல்லாமே சேர்ந்து வளரும். போர்வையில் அப்படி நடக்காது. பட்டை வெட்டியது வெட்டியதுதான். பெரிதாக்க வேண்டுமா, இன்னும் பட்டை சேர். சேர்க்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும். இந்தக் கால் அங்குலம் பெரிய போர்வைக்கும் கால் அங்குலம்தான், தொட்டில் போர்வைக்கும் கால் அங்குலம்தான். ஆக 2.5 அங்குலப் பட்டையில் கண்ணுக்குத் தெரிவது 2 அங்குலம். 40 பட்டையைப் பக்கவாட்டில் இணைத்தால் 100 அங்குலம் இல்லை, 80.

பெரிதாக்குவதில் சிக்கலே இல்லை, யாரையும் விலக்க வேண்டியதில்லை. சிறிதாக்கும்போதுதான் நியாயம் அநியாயம் எல்லாம் வருகிறது. எனக்கு இது புரிந்தது கொல்லிமலையில், வாழவந்திநாட்டுப் பக்கம், பெரியம்மா வீட்டில்.

பெரியப்பா போய் ஒரு வருசம் ஆகிறது. அக்கா கரூரில் போர்வை, திரைச்சீலை ஏற்றுமதி பண்ணும் கம்பெனியொன்றில் வேலை பார்க்கிறாள். இந்த 2.5 அங்குலக் கணக்கு அவளுக்கு அங்கே பழக்கம். வீட்டிலிருந்த பழந்துணியையெல்லாம் அந்த அளவுக்கே வெட்டிக் கட்டி வைத்திருந்தாள். பெரியப்பாவின் வேட்டி லுங்கியில் 10 பட்டை. அண்ணன்கள் இருவரின் லுங்கியில் ஐந்து ஐந்து. பெரியம்மாவின் சேலைகளில் 12. அக்காவின் தாவணிகளில் 8. ஒரு ஆள் போர்த்திக்கொள்கிற அளவு போர்வை வந்திருக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே மார்கழிக் குளிருக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதற்குள் சின்ன அண்ணனுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. தொட்டில் பிள்ளைக்கு 40 அங்குலத்துக்கு 30 அங்குலம் போதும் என்று முடிவாயிற்று. (செத்தவர் துணியில் பச்சைப்பிள்ளைக்குப் போர்வையா என்று யாரோ கேட்டார்கள். பிறந்ததும் பிள்ளையைச் சுற்றுவதே தாத்தாக்களின் பழைய வேட்டியில்தானே என்று பெரியம்மா வாயை அடைத்துவிட்டார்.)

பட்டையின் நீளத்தை 30 அங்குலமாக நறுக்குவது சுலபம், அதில் கூடுதல் தையல் கிடையாது. ஆனால் 80ஐ எப்படி 40 ஆக்குவது?

எல்லோரையும் வைத்துக்கொண்டு ஆளுக்குப் பாதி என்று மனசு சொல்லும். ஒவ்வொரு பட்டையையும் ஒண்ணேகால் அங்குலமாகக் கிழி. ஆனால் அதில் அரை அங்குலம் தையலுக்குப் போய்விடும், மிச்சம் முக்கால். 40 முக்கால் 30. சமமாகக் குறைத்தோம், பாதிதான் குறைத்தோம், ஆனால் பாதிகூட வரவில்லை. இன்னும் ஒல்லியாக்கினால் இன்னும் மோசம். ஒரு அங்குலப் பட்டையில் பாதியைத் தையல் தின்னும். அரை அங்குலப் பட்டையில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

பெரியம்மா ஒரு நிமிசம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என்னுதையும் உங்க அக்காளுதையும் எடுத்துரு கண்ணு. அளவு சரியா வந்துரும்."

12ம் 8ம் 20. மீதி 20 பட்டை, தலைக்கு 2 அங்குலம், 40 அங்குலம். கணக்கு கச்சிதமாக வந்தது. அந்தக் கச்சிதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. பெரியப்பாவின் படிக்கட்டு வயல்களைப் பங்கு பேசியபோதும் யாரும் அக்காவை வெளியே போ என்று சொல்லவில்லை. "நிலமே கொஞ்சம், இன்னொரு பங்குன்னா வரப்புக்கே போயிருமே" என்று சின்ன அண்ணன் சொன்னான். அக்கா தலையாட்டினாள். தையல் மாதிரிதான் வரப்பும். பெரிய வயலுக்கும் ஒன்றரை அடி, துண்டு வயலுக்கும் ஒன்றரை அடி. நிலத்தைப் பங்கு போடப் போட வரப்பு சுருங்காது, வயல்தான் சுருங்கும்.

சின்ன அண்ணன் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் போர்வைக் கணக்கை வயலுக்குப் போட்டுப் பார்த்தேன். 60 அடி அகல வயல் ஒன்று, மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். நடுவே இரண்டு வரப்பு, 3 அடி போனால் மீதி 57. தலைக்கு 19 அடி. நாலாவதாக ஒருத்தி வந்தால் மூன்று வரப்பு, மீதி 55.5. தலைக்குப் பதினாலு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கு அஞ்சு அடிக்கு மேல் போகிறது. ஆனால் அதில் புது வரப்பு தின்றது எவ்வளவு? அந்த ஒன்றரை அடியை நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாலரை அங்குலம். மிச்சம் அத்தனையும் அவள் பங்கு, அவ்வளவுதான். அதைக் கொடுக்க மனசில்லை என்பதை நேராகச் சொல்லலாம். நாலரை அங்குல வரப்பின் தலையில் அஞ்சு அடியைக் கட்டி வைக்கிறோம்.

சட்டமும் எங்களை வேறு வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய அந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அதனால் 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் மகளுக்குச் சமபங்கு என்று திருத்தியபோது, மலையாளிப் பழங்குடிப் பெண்கள் அந்தத் திருத்தங்களுக்கு நேரடியாக உள்ளே வரவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில், இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. வழக்கத்தைக் காப்பாற்றத்தான் விலக்கு என்பார்கள். எங்கள் ஆட்கள் சொல்லும் கதையில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் பள்ளத்தாக்கு இருந்தது, வரப்பே தேவைப்படவில்லை. கூடப்பிறந்த பிள்ளை ஒருத்தி இருந்தாளா என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை.

வயலையும் தையலையும் சேர்த்து முதலில் யோசித்தவன் நான் இல்லை. பௌத்த விநயப் பிடகத்தில் ஒரு இடம் வருகிறது. மகத நாட்டில் நடந்துபோகும் புத்தர், வரப்புகளால் பத்தி பத்தியாகப் பிரிந்து கிடக்கும் வயல்களைப் பார்க்கிறார். இந்த மாதிரி ஒரு சீவரம் தைக்க முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்கிறார். ஆனந்தர் துணியைத் துண்டுகளாக்கி, வயலும் வரப்புமாகவே தைத்துக் காட்டுகிறார். துறவிகளின் சீவரம் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கொல்லிமலைக்கு வடகிழக்கே ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் புத்தர் சிலைகள் இருக்கின்றன, ஆகவே அந்தத் துணி இந்தப் பக்கமும் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கிழக்காசிய மரபில் சீவரத்தின் பத்திகள் 5, 7, 9 என்று 25 வரை ஒற்றைப்படையில் ஏறும். அங்கேயும் பட்டையைக் கூட்டித்தான் பெரிதாக்குகிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். அங்கே வரப்பு நஷ்டக் கணக்கில் இல்லை. அது இல்லாவிட்டால் வடிவமே இல்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் மலையிலும் அப்படித்தான். மழைக்கு மண் கீழே ஓடாமல் பிடித்து நிறுத்துவது வரப்பு, நடந்துபோகிற வழியும் அது, மாட்டுக்குப் புல் அறுப்பதும் அங்கேதான். மடித்துத் தைத்த கால் அங்குலமும் எங்கும் தொலைந்துபோகவில்லை, போர்வைக்குள்ளேயே இருக்கிறது. தையல் நெருக்கமான போர்வை கொஞ்சம் கனம், கொஞ்சம் கூடக் கதகதப்பு. கண்ணுக்குத் தெரிகிற அகலத்தை மட்டும் அளந்தால்தான் 'தையல் தின்றுவிட்டது' என்று தோன்றும்.

அதனால் பெரியம்மாவிடம் வேறொரு வழி சொன்னேன். பட்டைகளை ஒல்லியாக்கவும் வேண்டாம், யாரையும் எடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பட்டையிலிருந்தும் 2.5 அங்குலச் சதுரங்களாக ஏழோ எட்டோ வெட்டிக்கொள்ளலாம். அகலத்தில் 15, நீளத்தில் 20 என்று அடுக்கினால் சரியாக 30க்கு 40. எல்லோரும் அவரவர் விகிதத்தில் இருப்பார்கள். பெரியப்பாவுக்கு 75 சதுரம், பெரியம்மாவுக்கு 90.

இதிலும் செலவு இருக்கிறது. 19 தையலில் முடிய வேண்டிய போர்வைக்கு 300 துண்டை இணைக்க வேண்டும், மூலைக்கு மூலை பொருந்த வேண்டும். இந்தச் செலவை யாராவது சுமக்கத்தான் வேண்டும். வழக்கமாக அது யார் முதுகில் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். நியாயமான பங்கீட்டைக் காகிதத்தில் போட்டுவிட்டு அதன் உழைப்பை, விட்டுக்கொடுத்தவள் தலையிலேயே கட்டுவது பழைய அநியாயம்தான், சட்டை மட்டும் மாற்றியிருக்கிறது. கரூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி வரும் அக்காவின் தலையில் அது விழுமென்றால், என் யோசனையைவிடப் பெரியம்மாவின் 20 பட்டையே தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் 300 என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு திண்ணையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா சாமி? முந்நூறாம். உங்க அக்கா ஒருத்தியே எப்படித் தைப்பா? நீயும் வந்து மிசின்ல உக்காரு."