தேடலில் தளராத உள்ளம்

படிப்பை முடித்த இளைஞனின் முதல் விண்ணப்பம் நம்பிக்கையோடு செல்கிறது. ஐம்பதாவது விண்ணப்பமோ வெறும் பழக்கத்தால் செல்கிறது. இரண்டு ஆண்டுகள் கடந்தபின், உறவினர் அன்போடு கேட்கும் 'தம்பிக்கு ஏதாவது அமைந்ததா?' என்ற கேள்வியே அவனுக்கு முள்ளாகத் தைக்கிறது. திருமண வீடுகளுக்குச் செல்வதை அவன் தவிர்க்கிறான். உடன் படித்தவர்களைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போகிறான்.

வேலை கிடைக்கவில்லை என்பது ஒரு செய்தி. 'நான் எதற்கும் உதவாதவன்' என்பது ஒரு தீர்ப்பு. செய்தியிலிருந்து தீர்ப்புக்கு மனம் தாவுகிறதே, அந்தத் தாவல் நியாயமானதுதானா?

கல்கத்தா வீதிகளில் ஒரு பட்டதாரி

1884 பிப்ரவரியில் கல்கத்தா உயர்நீதிமன்ற வழக்கறிஞர் விசுவநாத தத்தர் திடீரெனக் காலமானார். வசதியாக வாழ்ந்த குடும்பம் ஒரே நாளில் கடனில் மூழ்கியது. மூத்த மகன் நரேந்திரருக்கு அப்போது வயது 21, பி.ஏ. தேர்வு எழுதி முடித்திருந்தார். பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராக உலகம் போற்றவிருந்த அந்த இளைஞர், கையில் விண்ணப்பத்துடன், காலில் செருப்பின்றி, கொளுத்தும் வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் மறுப்பே கிடைத்தது.

வீட்டில் இருக்கும் சிறிதளவு உணவு மற்றவர்களுக்குப் போதட்டும் என்று, வெளியே விருந்துக்கு அழைப்பு இருப்பதாகத் தாயிடம் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. ஏழையின் குரலை இறைவன் கேட்கிறானா என்ற ஐயம்கூட அந்நாட்களில் அவரை வாட்டியது.

அறிவிலும் பேச்சாற்றலிலும் அவருக்கு நிகரானவர் அந்த அலுவலகங்களில் எத்தனை பேர் இருந்திருப்பர்? அவரைத் திருப்பி அனுப்பியவர்கள் அவரை எடைபோட்டுப் பார்த்து அனுப்பவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு நாற்காலி. அது நிரம்பியிருந்தது, அவ்வளவே.

மறுப்பின் கணக்கு

இன்றைய நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். 2023-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5 லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நேர்முகத் தேர்வு வரை வந்தவர்கள் 2,855 பேர். இறுதிப் பட்டியலில் இடம் பெற்றவர்கள் 1,016 பேர். கடைசிப் படிவரை ஏறி வந்த 1,839 பேருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவர்கள் அனைவரும் தகுதியற்றவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? இடங்களைவிட வருபவர்கள் மிகுதியாக இருக்கும்போது, தகுதியுள்ள பலர் வெளியே நிற்பது தவிர்க்க முடியாதது.

பலனை விரும்புவது தவறா?

செயலில் மட்டுமே மனிதனுக்கு உரிமை உண்டு, அதன் பலனில் இல்லை என்கிறது கீதை. பசியோடிருப்பவனிடம் இதைச் சொன்னால் அவன் கசப்போடு சிரிக்கக்கூடும். வேலை வேண்டும் என்றுதானே அவன் அலைகிறான்? பலனை விரும்பாமல் எப்படி இருப்பான்?

சம்பளத்தை விரும்புவது பாவமன்று. குடும்பத்தைக் காக்க விரும்புவது கடமையே. கீதை விலக்கச் சொல்வது, பலன் முழுவதும் தன்னால் விளைந்தது என்ற எண்ணத்தை. வேலை கிடைத்தவன் 'எல்லாம் என் திறமை' என்று செருக்குறுகிறான். கிடைக்காதவன் 'எல்லாம் என் குறை' என்று தன்னையே வெறுக்கிறான். இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. பல காரணங்கள் கூடி விளைந்த ஒன்றை இருவருமே 'நான்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

அதே சுலோகம் இன்னொன்றையும் எச்சரிக்கிறது: செயலற்றிருப்பதிலும் பற்று வைத்தல் ஆகாது. 'விதி வந்தால் வேலை வரும்' என்று படுத்திருப்பவனுக்கு அதில் இடமில்லை.

கையில் இருப்பவை

அப்படியானால் அன்றாடம் செய்யத்தக்கவை யாவை? எழுவதற்கும், படிப்பதற்கும், விண்ணப்பிப்பதற்கும் நேரம் வகுத்துக்கொள்வது முதலாவது. ஒரே விண்ணப்பத்தை நூறு இடங்களுக்கு அனுப்புவதைவிட, பத்து இடங்களின் தேவையை அறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றவாறு எழுதி அனுப்புவது பயன் தரும். அத்துறையில் இருப்பவர்களிடம் 'வேலை கொடுங்கள்' என்று கேட்பதைவிட, 'இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று கேட்டால் பலர் மனமுவந்து வழிகாட்டுவர். நேர்முகத் தேர்வில் தடுமாறிய கேள்விகளை அன்றே குறித்துவைத்து, அடுத்த வாய்ப்புக்குள் விடை தேடிக்கொள்வது மறுப்பையும் ஆசிரியராக்கும்.

சோர்வு முற்றும் நேரத்தில்தான் குறுக்கு வழிகள் எதிரே வந்து நிற்கின்றன. பணம் கேட்கும் இடைத்தரகரும் பொய்ச் சான்றிதழும் அப்போதுதான் நியாயமாகத் தோன்றும். அவற்றை ஏற்பவன் வேலையோடு, என்று பிடிபடுவோமோ என்ற அச்சத்தையும் சேர்த்தே வாங்குகிறான்.

விடாமுயற்சியும் பிடிவாதமும்

ஒரே வாயிலை எத்தனை காலம் தட்டுவது என்பதே கடினமான கேள்வி. இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. ஆயினும் ஓர் உரைகல் உண்டு. இந்த ஆண்டின் முயற்சி சென்ற ஆண்டினதைவிடத் தெளிவானதாக இருந்தால் அது விடாமுயற்சி. 'இதை விட்டால் பிறர் என்ன சொல்வார்கள்?' என்ற அச்சம் மட்டுமே அதைத் தொடரச் செய்தால் அது பிடிவாதம்.

நரேந்திரர் வழக்கறிஞர் அலுவலகத்தில் சிறு பணி செய்தார், நூல்களை மொழிபெயர்த்தார், சிறிது காலம் பள்ளியில் கற்பித்தார். எதுவும் நிலையான வேலையன்று. ஆயினும் கிடைத்ததை இழிவென்று அவர் தள்ளவில்லை. தற்காலிகப் பணியை ஏற்பது இலட்சியத்தைக் கைவிடுவதாகாது. இலட்சியத்துக்கு மூச்சுவிட அவகாசம் தருவதாகும்.

இல்லத்தாரின் கடமை

அந்நாட்களில் ஒரு காலை, இறைவன் திருநாமத்தைச் சொல்லியபடி நரேந்திரர் எழுந்தபோது, 'சிறு வயது முதல் அவனை அழைத்தாயே, அவன் என்ன செய்துவிட்டான்?' என்னும் பொருள்படத் தாய் புவனேசுவரி கடிந்துகொண்டார். பக்தி மிக்க அந்த அன்னையையும் வறுமை அப்படிப் பேசவைத்தது. பெற்றோரின் சுடுசொல்லில் பெரும்பாலும் வெறுப்பு இல்லை, அச்சமே இருக்கிறது. இதை மகன் உணர்வது நல்லது. அந்தச் சொல் அவனை எங்கே தைக்கிறது என்பதைப் பெற்றோர் உணர்வது அதனினும் நல்லது. வேலை இல்லாத மகனுக்கும் மகளுக்கும் வீட்டில் முன்போலவே மரியாதை கிடைக்குமானால், தேடலின் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

வேலை மனிதனுக்கு ஊதியம் தருகிறது, பொறுப்பு தருகிறது. மதிப்பை அது தருவதில்லை. அது முன்பே இருக்கிறது. இதை அறிந்தவன் மூடிய வாயிலின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்பான். மறுநாள் காலை அடுத்த விண்ணப்பத்தை எழுதவும் அமர்வான்.