அடைமழையும் அநர்த்த தண்டமும்

முனிவர்களுடைய மழைக்காலம் வேறு. தமிழ்நாட்டின் மழைக்காலம் வேறு. ஆஷாட மாதத்தில் தொடங்கிக் கார்த்திக மாதத்தில் நிறைவுறும் சாதுர்மாஸ்யத்தில், மண்ணில் தோன்றும் எண்ணற்ற சிற்றுயிர்கள் மிதிபட்டு மடியலாகாது என்று அவர்கள் ஓரூரிலேயே தங்கிவிடுகின்றனர். நம் பக்கத்திலோ அவர்கள் விகாரம் புறப்படும் வேளையில்தான் அடைமழை வலுக்கிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே நம் மாநிலத்து ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. முனிவர்கள் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் நாள்களில் நமக்கு அறவுரை கிடைக்கிறது. மழையால் நாமே வீட்டிற்குள் அடைபட்டிருக்கும் நாள்களில் நாம் செய்வது என்ன? பேசுகிறோம்.

சிராவகர்களுக்குரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. பயன் எதுவும் இன்றி உயிர்களுக்கு ஊறு விளைக்கும் செயல்களை விலக்குதல் என்பது இதன் பொருள். காரணமின்றி மண்ணைக் கிளறுதல், நீரைக் கொட்டுதல், தழையைக் கிள்ளுதல் போன்றவற்றைப் பிரமாத சரியை என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்தார். அந்நூலைத் தழுவியெழுந்த அருங்கலச்செப்பு நம்மவர் அறிந்ததே. இவ்விரதத்திற்குரிய அதிசாரங்களுள், அதாவது விரதத்தில் விழும் பழுதுகளுள், ஒன்று மௌகரியம். எளிய தமிழில் வாயாடுதல் எனலாம். காரணமின்றி ஓர் இலையைக் கிள்ளுவதும் காரணமின்றி ஒரு சொல்லை உதிர்ப்பதும் ஒரே விரதத்தின்கீழ் வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. அவ்வாறாயின், "இன்றைக்கும் மழை விடாது போலிருக்கிறதே" என்று அண்டை வீட்டார் சொல்வதும், "ஆமாம், விடாது போலத்தான் இருக்கிறது" என்று நாம் மறுமொழி கூறுவதும் அதிசாரமா? இருவர் கண்ணுக்கும் தெரிகின்ற மழையை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வதில் என்ன பயன்?

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. அலுவல் நிமித்தமாகச் சில ஆண்டுகள் செந்துறையில் குடியிருந்தபோது எழுந்தது. விருத்தாசலத்திற்கும் அரியலூருக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிய ஊர் அது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து சென்ற எங்கள் குடும்பம் ஒன்றுதான் அத்தெருவில் நம்மவர் குடும்பம். அங்கே கார்த்திகை மழை பிடித்தால் நான்கைந்து நாள் கதிரவனைக் காண முடியாது. கொடியில் போட்ட துணி உலராது நாறும். நீர் வடிகட்டும் துணியை அடுப்பு வெம்மையில் காட்டித்தான் உலர்த்த வேண்டும். தீக்குச்சி நமுத்துப் போகும். சுவரெல்லாம் மரவட்டை ஏறும். இருட்டில் கால் வைக்கவே அஞ்சுவோம். அந்திக்கு முன் உண்டு முடிக்க வேண்டிய நமக்கு அந்தி எது என்பதே விளங்காது. பகல் மூன்று மணிக்கே இருண்டுவிடும் நாளில், கடிகாரத்தை நம்பித்தான் என் மனைவி இலை போடுவாள்.

இத்தகைய நாள்களில் தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் பேச்சு பெருகும். பருத்தி வெடிக்கும் நேரத்தில் இப்படிக் கொட்டுகிறதே என்பார் ஒருவர். மேகமூட்டம் தை வரை நின்றால் முந்திரிப் பூ கருகிவிடும் என்பார் மற்றொருவர். திருச்சி வானொலி சொன்ன காற்றழுத்தத் தாழ்வைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் பிறக்கும். மழை நான்காம் நாளைத் தாண்டிவிட்டால் முதியோர் எவரேனும் 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளுக்குப் போய்விடுவார்கள். அன்று விடியுமுன், வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலத்தில் சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். (அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானதும் 2007இல் இதே நவம்பர் 23ஆம் நாளில்தான் என்பது அவ்வூரார் சிலர் கவனித்த ஒற்றுமை.) கேட்டவர்களே மீண்டும் கேட்கும் இக்கதையைப் பயனில் பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் நீர் எவ்வளவு போகிறது என்பது அன்றிரவு வெறும் பேச்சாக இருந்திருக்க முடியாதே!

ஆனால் மழையைப் பற்றிய பேச்சு மழையோடு நிற்பதில்லை. சொல்லுவதற்கு மழையில் அதிகம் ஒன்றுமில்லாமையால், நான்கு வாக்கியத்திற்குள் அது மனிதர்களிடம் வந்து சேர்கிறது. ஒரு மழை மாலையில், அரியலூரில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்து வந்த எங்கள் தெருப் பெண்ணொருத்தி, கடைசிக்கு முந்திய பேருந்தில் வந்து இறங்கி, ஒரு கடைச் சார்பின் அடியில் ஓர் ஆடவருடன் நின்றிருந்தாள். மறுநாள் தேநீர்க் கடையில் அது பேச்சாயிற்று. "நீங்களும் அந்தப் பக்கம்தானே வந்தீர்கள்?" என்றார் ஒருவர். "ஆமாம், நானும் பார்த்தேன்" என்றேன். அவ்வளவே நான் சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லை. குடை கொண்டுவந்த தாய்மாமன் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அப்பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். சத்திய அணுவிரதத்திற்குச் சிறிதும் பழுதில்லாத ஒரு சொல்லால் ஓர் இளம்பெண்ணின் பிழைப்பு போவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன். வாய்மை என்பது சொல்லிய செய்தியின் உண்மையை மட்டும் பொறுத்ததன்று என்பதை நாற்பது வயதிற்குமேல் கற்றேன்.

அதன் பின்விளைவாகவே அடுத்த ஆண்டு, கார்த்திக அஷ்டான்ஹிக பருவத்தின் எட்டு நாளும் அலுவலகக் கடமைக்கு வேண்டிய சொல்லன்றி வேறு பேசுவதில்லை என்று உறுதி பூண்டேன். நல்ல மழை. எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆயா தனியே வாழ்ந்துவந்தார். முன்பக்கம் ஓடு வேய்ந்த சிறு வீடு, பின்புறம் மண்சுவர், அங்கே இரண்டு ஆடுகள். நாள்தோறும் காலையில் வாசலுக்கு வந்து, "இன்னைக்கும் விடாது போலிருக்கே தம்பி" என்பார். நானும் ஏதேனும் சொல்வேன். அந்த எட்டு நாளில் தலையை மட்டும் அசைத்தேன். மூன்றாம் நாள் வந்தவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான்காம் நாளும் அவ்வாறே. ஐந்தாம் நாள் வரவில்லை. விரதம் செவ்வையாக நடைபெறுகிறது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சியும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஆறாம் நாள் இரவு பின்சுவர் விழுந்தது. ஆயா முன்னறையில் படுத்திருந்ததால் பிழைத்தார். சினையாக இருந்த ஆடு சுவரின் அடியில் கிடந்தது. மண்ணை விலக்கும்போது அவர் சொன்னார்: "ரெண்டு நாளா செவுரு ஊதிக்கிட்டே வந்துச்சு தம்பி. ஆட்ட ஒங்க திண்ணையில கட்டிக்கலாமான்னு கேக்கத்தான் வந்து நின்னேன். நீங்க விரதத்துல இருக்கீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு திரும்பிட்டேன்." அதில் குறை கூறும் தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எடுத்த எடுப்பில் எவரும் உதவி கேட்பதில்லை. வறியவர்களும் மானமுடையோரும் கேட்கவே மாட்டார்கள். மழையைப் பற்றி ஒரு சொல் சொல்வார்கள். மறுமொழி வந்தால் கூரையைப் பற்றி ஒரு சொல், அதற்கும் மறுமொழி வந்தால் சுவரைப் பற்றி. இப்படிப் படிப்படியாகத்தான் தம் தேவைக்கு வந்து சேர்வார்கள். நான் முதற்படியையே எடுத்துவிட்டேன்.

பிறகு இதைப் பலவாறு எண்ணிப் பார்த்தேன். குப்தி வேறு, சமிதி வேறு என்று நம் ஆகமங்கள் பிரித்துள்ளன. வசன குப்தி சொல்லையே அடக்குதல். பாஷா சமிதி பேசும்போது விழிப்புடன் பேசுதல். முற்றத் துறந்த முனிவர்களுக்கே குப்தியில் நிலைத்து நிற்க இயலாத நேரத்திற்குச் சமிதி வகுக்கப்பட்டிருக்கிறது. தெருவில் குடியிருக்கும் இல்லறத்தான் எதைக் கைக்கொள்ள வேண்டியவன்? திருக்குறளில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை ஆகிய மூன்று அதிகாரங்களும் இல்லறவியலில் உள்ளன. வாய்மை துறவறவியலில் உள்ளது. பேசியே தீர வேண்டியவன் இல்லறத்தான் என்பதை அறிந்து வைத்த வைப்பாகவே எனக்கு அது தோன்றுகிறது. ஹிதமாக, மிதமாக, பிரியமாகப் பேசுக என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டதே தவிர, வாசலில் வந்து நிற்பவருக்குத் தலையசைக்கச் சொல்லவில்லை. ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அஃதாவது விழிப்பின்மை, என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. தேநீர்க் கடையில் வாய் திறந்தபோதும் நான் விழிப்பின்றி இருந்தேன். வாசலில் வாய் மூடியபோதும் விழிப்பின்றி இருந்தேன். அந்த ஆட்டின் இறப்பில் எனக்குப் பங்கு உண்டா என்று மேல்சித்தாமூரில் ஒரு பெரியவரைக் கேட்டேன். "உன்னைப் பற்றி விசாரிக்கிறாயா, ஆட்டைப் பற்றி விசாரிக்கிறாயா?" என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அஷ்டான்ஹிக நாள்களில் பேச்சைக் குறைத்துக் கொள்ளும் வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. ஆனால் வாசலுக்கு வருபவர்க்கு அது பொருந்தாது.

ஓய்வு பெற்று வந்தவாசிப் பக்கத்திற்கே திரும்பிவிட்டோம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று நம் உறவினர் வாழும் ஊர்கள் எல்லாம் நீரில். மறுநாள் காலை, மின்சாரம் இல்லை. கைபேசியில் சிறிதளவே உயிர் இருந்தது. அப்போது ஓர் அழைப்பு வந்தது. ஆயாவின் பேரன் எண்ணைப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"அங்க மழ விடலியாமே தம்பி?" என்றார்.

"விடாது போலத்தான் இருக்கிறது ஆயா" என்றேன்.

சிறிது நேரம் மழையொலி மட்டும் கேட்டது. பிறகு, "பின்பக்கச் செவுரெல்லாம் நல்லா இருக்குதா?" என்று கேட்டார்.