மணப்பந்தரும் உடன்பிறந்தாரும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கினும், பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாய் ஈந்து, மருமகனை அவ்விடத்தே குடியேற்றுதல் தொன்றுதொட்ட வழக்கு. தாய்வழியுரிமை பேணிய முக்குவர் சட்டம் 1876-ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தால் நீங்கியும், இவ்வழக்கம் நீங்கிற்றிலது. ஆதலின், சுற்றமெல்லாங் கூடிய மணப்பந்தரிலே, "என் உழைப்பால் எழுந்த வீடன்றோ!" எனத் தமையன் முகங்கடுத்தலைக் காண்கின்றோம். அவன் குறை பொய்யன்று. தங்கையர்க்கு வீடு அமையுங்காறும் தன் மணத்தையும் ஒத்திவைத்தவன் அவன். ஆயின், அவன் இன்று புக்கிருக்கும் மனை யாருடையது? மனைவியின் தமையனொருவன் இவ்வாறே நொந்து கட்டியதன்றோ? கொடுத்தது தோன்றப் பெற்றது தோன்றாமை ஆணவவிருளின் செயலென்க. மணம்பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியார்பொருட்டு உயிர்தாங்கினார். அதற்குக் கணக்கு வைத்தாரல்லர்.

இளையாள் குறையோ வேறு. "அக்காவுக்குக் கல்வீடு, எனக்கு வெறுநிலமோ?" என்பவள் கேட்பது கல்லன்று, தாயன்பிற் சரிபங்கு. அதற்கு உறுதி எழுதும் நொத்தாரிசு யாண்டுளர்?